ஏழாம் மாடியில் டென்னிஸ் பந்தயம்

எங்கள் கட்டடத்து லிப்ட் ஈஸ்டர் வாரத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றது. நின்றது நின்றதுதான். உள்ளே ஆள் யாரும் இல்லை. மூன்றாம் மாடி மிர்தா அம்மாவின் காய்கறிப் பை மட்டும் தனியாக மேலே போய் மாட்டிக்கொண்டது. அதை மீட்க ஆள் வருவதற்குள் தக்காளி அழுகி, ஒரு வாரம் மாடிப்படி முழுக்க நாறியது.

நான் சிரிலோ. புவெனோஸ் அய்ரெஸ் நகரத்தில், கபாயித்தோ வட்டாரத்தில், எட்டு மாடியும் பதினாறு வீடும் கொண்ட இந்தக் கட்டடத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பொறுப்பாளன். வாட்ச்மேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. கூட்டுகிறேன், துடைக்கிறேன், குப்பை இறக்குகிறேன், குழாய் மாற்றுகிறேன், பதினாறு வீட்டு ரகசியத்தையும் வாயைத் திறக்காமல் காக்கிறேன். இந்தக் கதையில் மட்டும் கொஞ்சம் வாயைத் திறக்கப் போகிறேன்.

லிப்ட் பழுது பார்க்கிறவர் வந்து, மோட்டார் சுருள் எரிந்துபோய்விட்டது, இருபத்து நாலு லட்சம் பெசோ ஆகும் என்றார். வீட்டுக்கு ஒன்றரை லட்சம். அதற்காகத் தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு முன்னால், குடியிருப்போர் கூட்டம் கூடியது.

"நான் முதல் மாடி. லிப்ட் பொத்தான் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார் பல் டாக்டர் அமில்கார் டெஸ்டா. ஓய்வு பெற்றவர். எதையும் எழுதிவைத்துப் பேசுகிறவர்.

"படி ஏறுறது இதயத்துக்கு நல்லது," என்றான் இரண்டாம் மாடி ஃபாபியான். டாக்சி ஓட்டுகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைக்கிறவன்.

"ஒன்றரை லட்சத்துக்கு நான் எங்க போவேன்? பென்ஷன் வாங்குற டீச்சரம்மா நான்," என்றாள் மிர்தா. நாற்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள்.

எட்டாம் மாடிக்காரர்கள்கூட, அடுத்த வருஷம் வீட்டை விற்பதாக இருக்கிறோம், வாங்குகிறவன் கட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். கடைசியில் பதினைந்து வீடும் ஒருமனதாக முடிவெடுத்தது: ஒத்திவைப்பு. பதினாறாவது வீட்டுக்கு நேரே நிர்வாகி 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பதினாறாவது வீடு ஏழாம் மாடி சுலேமா அம்மா. பிப்ரவரியில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டு வந்தவள். லிப்ட் இல்லாததால் அவளால் கீழே இறங்க முடியாது. கீழே இறங்க முடியாததால் லிப்ட் பற்றிய கூட்டத்துக்கு வர முடியாது. கூட்டத்தில் இதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

நான் ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னப்பா சொன்னாங்க?"

"படி ஏறினா இதயத்துக்கு நல்லதாம்மா."

"யாரு இதயத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, ஒரு சட்டைக்குப் பொத்தான் தைப்பதைத் தொடர்ந்தாள்.

சுலேமா அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தெரு தள்ளி நூல், ஊசி, பொத்தான் விற்கும் கடை வைத்திருந்தாள். முன்பக்கம் பொத்தான், பின்பக்கம் நம்பர் லாட்டரி. அரசாங்கத்தின் லாட்டரி இல்லை, அவளுடைய சொந்த லாட்டரி. இருபத்தைந்து வருஷம் வட்டாரம் முழுக்க அவளிடம்தான் நம்பர் கட்டியது. வட்டாரப் போலீஸ் அதிகாரிக்கு வாரா வாரம் தன் மாமியார் பிறந்த தேதியில் கட்டுவதுதான் வழக்கம். அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. விட்ட காசு ஒரு நாள் திரும்பும் என்ற ஆசையில் அவளைக் கைது செய்ததும் இல்லை. கடையை மூடி எட்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அவள் உண்டு, அவள் வானொலி உண்டு என்று இருந்தாள்.

மே மாதக் கடைசியில் பாரிஸ் டென்னிஸ் போட்டி தொடங்குவதற்கு முன்னால், டாக்டர் அமில்கார் ஒரு புத்தகம் எழுதினார். பதினாலு பக்கம், நகலெடுத்துப் பின் அடித்தது. 'பெரிய டென்னிஸ் போட்டிகளில் பந்தயம் கட்டுதல்: முதல் முறை கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி' என்று தலைப்பு. ஒவ்வொரு கதவுக்கும் அடியில் ஒரு பிரதி செருகும்படி என்னிடம் கொடுத்தார். செருகுவதற்கு முன் நானும் படித்துப் பார்த்தேன். நல்ல புத்தகம் என்றுதான் சொல்ல வேண்டும். பாரிஸில் செம்மண் தரை, பந்து மெதுவாக எழும்பும், அங்கே ஜெயிக்கிறவன் லண்டன் புல்தரையில் வழுக்கி விழுவான். ஆகவே ஆளைப் பார்க்காதே, தரையைப் பார். ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள். ஆகவே முதல் செட்டைப் பார்த்து மயங்காதே. பெரிய பெயருள்ளவன் முதல் சுற்றில் ஜெயிப்பான், ஆனால் எல்லோரும் அவன் மேலேயே கட்டுவதால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. சொந்த நாட்டுக்காரன் மேல் பாசத்தில் கட்டாதே. தோற்ற காசைத் துரத்தாதே. இப்படிப் பன்னிரண்டு பாடம்.

"டாக்டர், இதுவரைக்கும் எவ்வளவு ஜெயிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நான் கட்டினதே இல்லையே, சிரிலோ. ஆராய்ச்சி வேற, சூதாட்டம் வேற," என்றார்.

வகுப்பு மொட்டை மாடியில் நடந்தது. அங்கேதான் இறைச்சி சுடும் அடுப்புக் கொட்டகையும், எல்லோருக்கும் பொதுவான டி.வி.யும் இருந்தன. பாரிஸில் முற்பகல் பதினொரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்குக் காலை ஆறு மணி. லிப்டுக்குக் காசில்லை என்று சொன்ன அதே ஜனம், விடியற்காலைக் குளிரில் மாத்தே என்ற இலைத்தேநீர்க் குடுவையையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் இடுக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறியது. லிப்ட் பொத்தான் எந்தப் பக்கம் என்று தெரியாத டாக்டர்தான் எல்லோருக்கும் முன்னால் ஏறினார்.

முதல் நாள் ஏழாம் மாடிக்கு வரும்போது எல்லோருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. மிர்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பாரிஸுக்கே நடந்து போயிருக்கலாம்," என்றாள். அங்கே சுலேமா அம்மாவின் கதவு திறந்திருந்தது. வாசலில் மூன்று நாற்காலி, ஒரு கூஜா தண்ணீர், ஐந்தாறு டம்ளர். உள்ளே அவள் காலை நீட்டி உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க. மூச்சு வாங்கிட்டுப் போங்க. என்ன விசேஷம்?"

ஃபாபியான் விஷயத்தைச் சொன்னான். நம்ம நாட்டுத் தாண்டில் ஊர்ப் பையன் லான்ஃப்ரான்கோ இன்றைக்கு ஆடுகிறான், எதிரே ஒரு செக் நாட்டுக்காரன், பந்தயம் கட்டலாம் என்றால் போனில் பந்தயம் வாங்கும் கம்பெனி அடையாள அட்டை கேட்கிறது, வரி எண் கேட்கிறது, முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்கிறது.

"என் மூஞ்சிய மூணு தடவ பாத்துட்டு 'தெளிவாக இல்லை'ன்னு சொல்லிருச்சுக்கா," என்றான்.

"அது சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றாள் மிர்தா.

சுலேமா அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சும்மா பேச்சுக்குக் கேக்குறேன். தாண்டில் பையன் மேல எவ்வளவு கட்டலாம்னு இருக்கே?"

அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் மூன்று நாற்காலியும் நிறைந்து, படியில் வரிசை நின்றது. அவள் ஒரு மெல்லிய சிகரெட் தாளை எடுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிக்கொண்டாள். அந்தக் காலத்துப் பழக்கம். போலீஸ் வந்தால் வாயில் போட்டு விழுங்கிவிடலாம்.

அன்றைக்கு லான்ஃப்ரான்கோ நேர் செட்டில் ஜெயித்தான். மொட்டை மாடி அதிர்ந்தது. கீழே இறங்கும்போது சுலேமா அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒவ்வொருவருக்கும் காசை எண்ணிக் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. மிர்தாவுக்குக் கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தாள்.

எல்லோரும் போனபின், "அம்மா, முதல் நாளே இவ்வளவு போயிருச்சே?" என்றேன்.

"சிரிலோ, நீ கொர்ரியென்டஸ்ல ஆத்தங்கரையில பொறந்தவன். மீன் பிடிக்கப் போறவன் முதல்ல என்ன போடுவான், தூண்டிலா, இரையா?"

டாக்டர் மட்டும் அன்று ஜெயிக்கவில்லை. சொந்த நாட்டுக்காரன் மேல் கட்டாதே என்ற நாலாம் பாடத்தின்படி அவர் செக் நாட்டுக்காரன் மேல் கட்டியிருந்தார். தன் வாழ்க்கையின் முதல் பந்தயம். படியில் இறங்கும்போது மிர்தா அவரைப் பார்த்து, "துரோகி," என்றாள், நிதானமாக, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில்.

இரண்டாம் சுற்றில் கட்டடமே லான்ஃப்ரான்கோ மேல் கட்டியது. முந்தின தடவை நூறு கட்டியவன் ஐந்நூறு கட்டினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் மாடிக்காரர்கள் ஏழாம் மாடிக்கு இறங்கி வந்து கட்டினார்கள். டாக்டர் போனைப் பார்த்தபடி வந்தார்.

"சுலேமா, இது அநியாயம். கம்பெனிக்காரன் லான்ஃப்ரான்கோவுக்கு ஒண்ணுக்கு நாலு தரான். நீங்க ஒண்ணுக்கு ரெண்டுதான் தரீங்க."

"அப்ப அங்கயே கட்டுங்க டாக்டர்."

"அவன் என் மனைவி பேர்ல இருக்கிற பேங்க் கணக்கக் கேக்கிறான்."

"கணக்கு ஏன் உங்க பேர்ல இல்ல?"

டாக்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் காரணம் எனக்குத் தெரியும். அது இந்தக் கதையில் வராது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், "சீக்கிரம் டாக்டர், சர்வ் போட ஆரம்பிச்சிருவாங்க," என்று கத்தினார்கள். மிர்தா அவர் காதருகே போய், "இன்னிக்காவது கொடியைக் காப்பாத்துங்க," என்றாள். பாவம், மனிதர். எழுதியவர் கையாலேயே நாலாம் பாடம் அன்றைக்குக் கிழிந்தது. ஒண்ணுக்கு ரெண்டு விலையில் லான்ஃப்ரான்கோ மேல் கட்டினார்.

லான்ஃப்ரான்கோ முதல் இரண்டு செட்டையும் எடுத்தான். மேலே பாட்டு கிளம்பிவிட்டது. மூன்றாவது செட்டில் அவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நாலாவதில் நொண்டினான். ஐந்தாவதில் தோற்றான்; மொட்டை மாடியில் ஒரு குருவி கத்தினால் கேட்கும். எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஏழாம் மாடியில் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை.

அன்று மாலை டாக்டர் புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்த்தார். பதிமூன்றாம் பாடம்: தொடைத் தசையைக் கவனி.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால், தோற்ற காசைத் துரத்தாதே என்ற பாடத்தை ஜனங்கள் 'துரத்து' என்று படித்திருப்பார்களோ என்று தோன்றும். ஃபாபியான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இரண்டு மடங்கு கட்டினான். "ஒரு தடவ ஜெயிச்சா எல்லாம் திரும்ப வந்துரும் அண்ணே, கணக்கு ரொம்ப சிம்பிள்," என்று என்னிடம் விளக்கினான். கணக்கு சிம்பிள்தான். அவன் பர்ஸ்தான் சிம்பிளாகிக்கொண்டே போனது.

மிர்தா பெண்கள் பிரிவுக்குப் போனாள். அவளிடம் தனி வழி இருந்தது: எந்த நாட்டில் நீளமான ஆறு ஓடுகிறதோ அந்த நாட்டுக்காரி மேல் கட்டுவது.

"டான்யூப் தண்ணி குடிச்சு வளந்தவ. எதிர்ல யாரு? டென்மார்க்காரி. அங்க ஓடுறது ஆறா? வாய்க்கால்!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மிர்தா தொடர்ந்து மூன்று நாள் ஜெயித்தாள். நாலாம் நாள் டாக்டர் யாருக்கும் தெரியாமல் என்னைக் கூப்பிட்டு, "வோல்கா நீளமா, டான்யூப் நீளமா?" என்று கேட்டார். அன்று இருவரும் சேர்ந்து தோற்றார்கள். புத்தகம் இருபத்திரண்டு பக்கம் ஆனது.

நானும் கட்டினேன். மறைத்து என்ன பயன்? என் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி, சின்னதாக. ஒரு போலந்துப் பெண் மேல். அவள் தோற்றபோது சுலேமா அம்மா என் காசை வாங்கிக்கொண்டு, "உன்னையும் விட மாட்டேன் பாத்தியா," என்று சிரித்தாள். வாங்காமல் விட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

கால் இறுதி நாளில் புரட்சி வெடித்தது. டாக்டர் இரவெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார். காலையில் கொட்டகையில் டி.வி.யை அணைத்துவிட்டு, அடுப்புச் சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினார்.

"நல்லாக் கவனிங்க. சரிக்குச் சமமா ஆடுற ரெண்டு பேர். இந்தப் பக்கம் நூறு பெசோ வருது, அந்தப் பக்கம் நூறு பெசோ வருது. நியாயப்படி ஜெயிச்சவன் கைக்கு இருநூறு போகணும். சுலேமா நூத்தைம்பதுதான் தரா. யாரு ஜெயிச்சாலும் அம்பது அவ டப்பாவுல விழுது. தோக்குறது யாரு? எப்பவும் நாமதான்! இந்தப் பொம்பள நம்மள மொட்டை அடிக்கிறா!"

கொட்டகை கொதித்தது. பொத்தான்காரி, சூதாட்டக்காரி, அந்தப் பழைய போலீஸ்காரரே இவள் கூட்டாளி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஏழாம் மாடிக்கு இறங்கினார்கள். சுலேமா அம்மா கையில் ஊசியோடு எல்லாவற்றையும் கேட்டாள்.

"டாக்டர் சொன்னது நிஜம்தான்," என்றாள்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"உங்க கிளினிக்குல பல்லு புடுங்க நீங்க சும்மாவா உக்காந்திருந்தீங்க? வலி அவனுக்கு, காசு உங்களுக்கு. எனக்கும் அதே தொழில்தான். நான் யாரையும் கையப் பிடிச்சு இழுக்கல. கதவு தெறந்திருக்கு. படி ரெண்டு பக்கமும் போகுது."

மேலே யாரோ டி.வி.யைப் போட்டுவிட்டார்கள். வீரர்கள் மைதானத்துக்கு வரும் கைதட்டல் கேட்டது. ஃபாபியான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, நூத்தைம்பதை நூத்தறுபதாக்க முடியுமா?"

சுலேமா அம்மா யோசித்தாள். வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி, நம்ம கட்டடத்து ஜனங்க. நூத்தறுபது."

கைதட்டல் எழுந்தது. இது மக்களின் வெற்றி என்று டாக்டர் அறிவித்தார். அன்றைக்குக் கட்டிய காசு அதுவரை கட்டியதிலேயே அதிகம்.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் வந்தது. ஒரு பக்கம், எல்லோரையும் அடித்து நொறுக்கிக்கொண்டு வந்த ஸ்வீடன்காரன். மறுபக்கம், யாரும் எதிர்பார்க்காமல் இறுதிவரை வந்துவிட்ட எச்செவெரி, உருகுவேக்காரன். ஆற்றுக்கு அக்கரை ஆள். ஜெயித்தால் நம்மவன், தோற்றால் உருகுவேக்காரன் என்பது எங்கள் ஊர் வழக்கம். சுலேமா அம்மா ஒண்ணுக்கு ஐந்து என்றாள். கட்டடம் மொத்தமும் எச்செவெரி மேல் கட்டியது. சொந்த நாட்டுப் பாடம் இங்கே செல்லாது, இது பக்கத்து நாடு என்று டாக்டரே தீர்ப்புச் சொன்னார். ஸ்வீடன்காரன் மேல் ஒரு பெசோ விழவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்கும்போது மேலே போகாமல் அவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அந்த உருகுவேக்காரன் ஜெயிச்சா, எல்லாருக்கும் குடுக்க உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"வீட்டை வித்துக் குடுப்பேன். இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு சீட்டுக்கும் இல்லைன்னு சொன்னதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "எப்படியும் இந்த வீட்டுல இருந்து நான் இறங்க முடியாது. வாங்குறவனாவது இறங்கட்டும்," என்றாள்.

அவள் வீட்டில் டி.வி. கிடையாது. டென்னிஸ் பார்த்தால் கழுத்து வலிக்கும் என்பாள். வானொலியையும் போடவில்லை. நடுவில் எட்டாம் மாடி இருந்தும் மொட்டை மாடிச் சத்தம் அப்படியே இறங்கி வந்தது; நாங்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு ஆட்டத்தைக் கேட்டோம். காலால் தரையை மிதித்தால் எச்செவெரி. "ஐயோ" என்றால் ஸ்வீடன்காரன். முதல் செட் ஐயோ. இரண்டாவது செட்டில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாவது மறுபடி சுண்ணாம்பு. நாலாவதில் மிர்தாவின் குரல் மட்டும் தனியாக, "உருகுவே! உருகுவே!" என்று கேட்டது, உருகுவே ஆற்றின் நீளத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அந்த செட் ஐயோ.

ஐந்தாவது செட் ஒரு மணி நேரம் போனது. சுலேமா அம்மா அதே பொத்தானை மூன்று தடவை தைத்துப் பிரித்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி மாத்தேக்கு வெந்நீர் ஊற்றினேன். திடீரென்று மேலே ஒரே கூச்சல், நாற்காலி விழும் சத்தம், எட்டு மாடியும் ஆடுகிற மாதிரி காலடி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"தெரியலம்மா."

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ரொம்ப நேரம். அப்புறம் ஒரு ஐயோ, அதன் பின்னால் இன்னொன்று. பிறகு படியில் காலடிச் சத்தம். ஓடி வரவில்லை. ஒவ்வொரு படியாக, செருப்பைத் தேய்த்துக்கொண்டு, இழவு வீட்டிலிருந்து வருகிற நடை.

சுலேமா அம்மா கண்ணைத் திறந்தாள். "ஸ்வீடன்," என்றாள்.

அப்புறம்தான் எனக்கு விவரம் தெரிந்தது. எச்செவெரிக்கு ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. அவன் அடித்த பந்து கோட்டில் விழுந்தது என்று நினைத்துக் கட்டடமே கட்டிப்பிடித்து அழுதிருக்கிறது. நடுவர் இறங்கி வந்து, செம்மண்ணில் பந்து விழுந்த தடத்தைப் பார்த்து, வெளியே என்று கைகாட்டிவிட்டார். ஒரு விரல் அகலம். அதற்குப் பிறகு எச்செவெரியால் தலைநிமிர முடியவில்லை.

இரண்டு நாள் கட்டடத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. புதன்கிழமை காலை ஒரு வண்டி வந்து நின்றது. மூன்று ஆட்கள் இறங்கி, புது மோட்டாரை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"யாரு வரச்சொன்னது?" என்று டாக்டர் என் சட்டையைப் பிடித்தார்.

"ஏழாம் மாடி."

"யாரு காசு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்க அரை நிமிஷம் ஆயிற்று.

லிப்ட் செலவு இதற்குள் இருபத்தெட்டு லட்சமாக ஏறியிருந்தது. எங்கள் ஊரில் பெசோ தூங்காது, விலையும் தூங்காது. சுலேமா அம்மாவின் டப்பாவில் அதைக் கொடுத்ததுபோகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. ஒன்றரை லட்சம் கொடுக்க முடியாது என்று சொன்ன வீடுகள், ஒன்றரை லட்சத்துக்கு மேல் தானாகப் படியேறிப் போய்க் கொடுத்திருந்தன. எல்லோரையும்விட அதிகம் கொடுத்தது முதல் மாடி டாக்டர்: கிட்டத்தட்ட ஐந்து லட்சம். பந்தயமே கட்டாத ஐந்தாம் மாடி சகோதரிகள் இருவருக்கு லிப்ட் இனாம். புது மோட்டார் சத்தம் போடுகிறது என்று முதல் புகார் அவர்களிடமிருந்துதான் வந்தது.

கூட்டம் கூடியது. இந்தத் தடவை சுலேமா அம்மா கைத்தடியோடு லிப்டில் இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நிர்வாகி நன்றித் தீர்மானம் வாசித்தார்.

"ஆட்சேபணை," என்றார் டாக்டர். "அது எங்க காசு. நன்றி எங்களுக்குத்தான் சொல்லணும்."

"சரி, உங்களுக்கே சொல்லிக்குங்க," என்றாள் சுலேமா அம்மா. "எனக்கு லிப்ட் போதும்."

"உனக்கு லிப்ட்தான் வேணும்னா, எங்ககிட்ட நேரா கேட்டிருக்கலாமே, சுலேமா?" என்றாள் மிர்தா. நிஜமாகவே மனம் கலங்கித்தான் கேட்டாள்.

சுலேமா அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "கேட்டேனேம்மா. லிப்ட் நின்ன நாள்ல இருந்து தினமும் கதவைத் தெறந்துவெச்சு உக்காந்திருந்தேன். படியில என்னைத் தாண்டிப் போனீங்க. வந்து உக்காந்ததெல்லாம் பந்தயத்துக்குத்தான்."

மிர்தா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். கூட்டம் சீக்கிரம் முடிந்தது. அன்று மாலை மிர்தா ஒரு தட்டு இறைச்சி வைத்த எம்பனாடா சுட்டு ஏழாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். லிப்டில் போகாமல், படியில் போனாள்.

ஜூன் கடைசியில் லண்டன் போட்டி தொடங்க இருந்தது. டாக்டரும் ஃபாபியானும் முன்னால் நிற்க, ஏழெட்டுப் பேர் கொண்ட தூதுக்குழு லிப்டில் நெருக்கியடித்து மேலே போனது. நான்தான் கதவைச் சாத்தி அனுப்பினேன். பிறகு படியேறிப் பின்னால் போனேன்.

"அக்கா, புல்தரை. புது ஆட்டம். எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்," என்றான் ஃபாபியான்.

"நூத்தைம்பதே போதும், சுலேமா. நான் சம்மதிக்கிறேன்," என்றார் டாக்டர். அவர் கையில் புத்தகத்தின் புதுப் பதிப்பு இருந்தது. நாற்பத்தொரு பக்கம்.

சுலேமா அம்மா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு. மார் தெல் பிளாத்தாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மூணு வாரம். கடல் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார் டாக்டர். அந்தக் குரலில் கேட்டால் யாருக்கும் இரக்கம் வரும்.

"உங்க புத்தகம் இருக்கே."

அவர்கள் கடைசியில் போன் கம்பெனியிடமே போனார்கள். முகத்தை இடப்பக்கம் திருப்பினார்கள், வலப்பக்கம் திருப்பினார்கள். ஃபாபியானின் முகம் நாலாவது தடவை தெளிவாகிவிட்டது. டாக்டர் தன் மனைவியிடம் என்ன சொன்னாரோ, பேங்க் கணக்கும் கிடைத்தது. இரண்டு வாரத்தில் எல்லாம் போயிற்று. எங்கே போயிற்று என்று தெரியாது. ஏதோ ஒரு தீவில் இருக்கிற கம்பெனி என்று ஃபாபியான் சொன்னான். மிர்தா அந்தத் தீவை வரைபடத்தில் தேடினாள். அதில் ஆறே இல்லை.

ஒரு நாள் டாக்டர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் காயத்தோடு விலகியதால் அவர் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தைக் கம்பெனி ரத்து செய்துவிட்டதாம். மூன்று பக்கம் புகார் எழுதினாராம். மூன்று வினாடியில் பதில் வந்ததாம்: 'உங்கள் கருத்துக்கு நன்றி.'

"திட்டுறதுக்காவது ஒரு மூஞ்சி வேணாமா, சிரிலோ?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் சுலேமா அம்மா போன் செய்தாள், தபால் ஏதாவது வந்ததா என்று கேட்க. பின்னால் அலைச் சத்தம் கேட்டது. தினமும் கடற்கரையில் எட்டுத் தெரு தூரம் நடக்கிறாளாம். டாக்டர் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு டப்பா அல்ஃபஹோர் பிஸ்கட் வாங்கிட்டு வரேன், சாக்லேட் பூசினது. ஒண்ணு அவருக்குக் குடுத்துரு," என்றாள். "பல்லுக்கு ஆகாதும்பாரு. சாப்பிடச் சொல்லு. பாவம், நெறையப் படிச்ச மனுஷன்."